மாரி மழையில் கெப் வழுக்கினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கச்சான் (தென்மேல்) காற்று ஓய்ந்து ஒக்டோபரில் மழை தொடங்கினால் ஜனவரி வரை திருகோணமலை வீதிகள் காய்வதில்லை. வருடத்து மழையில் பெரும்பங்கு இந்த நாலு மாதத்துக்குள்தான் கொட்டித் தீர்க்கிறது. இந்தக் காலத்தில் கெப் (பின்னால் திறந்த தொட்டியுள்ள பிக்கப் வண்டி) ஓட்டுகிற எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. லோட் ஏற்றியிருந்தால் பயந்து மெதுவாகப் போவோம். இறக்கிவிட்டுத் திரும்பும்போது, வண்டி இலேசாகிவிட்டது என்ற துணிவில் மிதிப்போம். குச்சவெளியில் மீன் ஏற்றி நகரத்துக்கு வரும்போது நான் அறுபதைத் தாண்டுவதில்லை. வெறும் பெட்டிகளோடு திரும்பும்போது எண்பது. பல வருடம் அப்படித்தான் ஓடினேன்.

அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். பாரம் ஏற்றிய கெப் நிற்பதற்குத் தூரம் எடுக்கும், அது உண்மை. ஆனால் தேங்கிய தண்ணீரில் சில்லு தரையை விட்டு எழும்பி மிதப்பது வெறுங்கெப்பில்தான் முந்தி நடக்கும்.

மிதப்பது என்றால் என்ன என்று ஒரு சின்னக் கணக்கோடு சொல்கிறேன். டயர் அகலம் 20 சென்ரிமீற்றர், வீதியில் 3 மில்லிமீற்றர் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். மணிக்கு 60 கிலோமீற்றரில் போனால் அந்த ஒரு டயர் ஒவ்வொரு செக்கனும் 10 லீற்றர் தண்ணீரை வழியிலிருந்து விலக்க வேண்டும். செக்கனுக்கு ஒரு வாளி! 80இல் அது 13 லீற்றரைத் தாண்டும். டயரில் உள்ள பள்ளங்கள் இந்தத் தண்ணீரை வாங்கிப் பின்னாலும் பக்கத்தாலும் துப்பிவிடுகின்றன. பள்ளம் தேய்ந்திருந்தால், அல்லது வேகம் கூடினால், தண்ணீர் விலக நேரம் கிடைக்காமல் டயருக்கு முன்னால் குவியும். பிறகு ஆப்புப் போல அடியில் நுழைந்து சில்லைத் தூக்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங், பிரேக், அக்சிலரேட்டர் மூன்றும் தரையோடு பேசுவதை விட்டுவிடும்.

கை, காது, கண் எது உங்களுக்கு முதலில் சொல்கிறதோ அந்த அறிகுறியிலிருந்து வாசியுங்கள்.

முன்னால் போகிற வண்டியின் டயர்த் தடம் உடனே மூடிக்கொள்கிறது

இது முன்னெச்சரிக்கை, இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. மழையில் முன் வண்டியின் சில்லு போன இடம் சற்று நேரம் கறுப்புக் கோடாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரியும் வரை அந்தக் கோட்டின் மேலேயே உங்கள் சில்லுகளை வையுங்கள். அவர் விலக்கிவிட்ட தண்ணீரை நீங்கள் மறுபடி விலக்கத் தேவையில்லை. கோடு விழுந்தவுடன் மூடினால் தண்ணீர் ஆழமாக நிற்கிறது என்று பொருள். வேகத்தை அப்போதே, காலை மெல்ல எடுத்து, ஐம்பதுக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

தடத்தில் போவது ஒட்டிப் போவதல்ல. முன் வண்டி ஒரு மரத்தைக் கடந்த பிறகு நீங்கள் அந்த மரத்துக்கு வர நாலு செக்கனாவது எடுக்க வேண்டும். கந்தளாய், ஹபரணைப் பக்கம் இரவில் ஓடுகிறவர்கள் இன்னும் கூட்டுங்கள். அங்கே முன்னால் போகிறவர் யானைக்காகத் திடீரென்று நிறுத்துவார்.

இன்னொரு அடையாளம் சத்தம். வண்டியின் அடியில் தண்ணீர் அடிக்கிற இரைச்சல் கூடிக்கொண்டே வரும். பள்ளங்கள் இன்னும் வேலை செய்கின்றன என்பதற்கு அந்த இரைச்சல்தான் சாட்சி. மழை குறையாமல், வேகமும் குறையாமல், அது சட்டென்று அடங்கினால் நிம்மதிப்படாதீர்கள். அடுத்த அறிகுறி கைக்கு வந்துவிட்டது.

ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிறது

பவர் ஸ்டியரிங் வண்டியிலும் சாதாரணமாகக் கையில் ஒரு பிடிமானம் இருக்கும். அது சட்டென்று இல்லாமல் போய், பூனைக்குட்டியைப் பிடித்தது போல் வழுவழுவென்று இருந்தால் முன்சில்லுகள் தண்ணீர் மேல் நிற்கின்றன.

செய்ய வேண்டியது: அக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக, மூச்சு விடுகிற வேகத்தில் எடுங்கள். ஸ்டியரிங்கை நேரே பிடியுங்கள். பிரேக்கைத் தொடாதீர்கள். க்ரூஸ் கன்ட்ரோல் உள்ள வண்டி என்றால் மழை தொடங்கும்போதே அதை அணைத்திருக்க வேண்டும். அது வேகம் குறைகிறதென்று நினைத்துத் தானாக மிதிக்கப் பார்க்கும். பிறகு பொறுத்திருங்கள். பெரும்பாலும் ஓரிரு செக்கனில் கையில் பாரம் திரும்பி வரும். அந்த இரண்டு செக்கனும் மிக நீளமாகத் தெரியும்.

பிரேக்கை ஏன் தொடக்கூடாது என்பதற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு. நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹோர்ன் 1960களில் விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்தார். சீனன்குடாவில் இறங்குகிற விமானத்துக்கும் எங்கள் கெப்புக்கும் இந்த ஆபத்து ஒன்றுதான். சுழல்கிற சில்லு மிதக்கத் தொடங்கும் வேகம் ஒன்று, சுழலாமல் நின்றுபோன சில்லு மறுபடி தரையைப் பிடிக்கும் வேகம் அதைவிடக் குறைவு என்று அவர் காட்டினார். 25 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்றுள்ள டயருக்கு அவருடைய கணக்குப்படி முதலாவது மணிக்குச் சுமார் 83 கிலோமீற்றர். இரண்டாவது சுமார் 71. பிரேக் அடித்துச் சில்லைப் பூட்டினால், பிடி கிடைக்க அவ்வளவு கீழே இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மதகுக் கட்டு வந்துவிடும்.

என்ஜின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை

என்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் துள்ளுகிறது, டாஷ்போர்டில் வழுக்கல் விளக்கு மின்னுகிறது, வண்டி மட்டும் முன்னுக்குத் தள்ளவில்லை. கெப்புகளில் அநேகமானவை பின்சில்லால் ஓடுகிறவை. என்ஜின் முன்னால் இருக்கிறது, பின்னால் வெறும் தொட்டி. அதனால் பின்சில்லு சும்மா சுழலத் தொடங்குவது கெப்புக்கே உரிய அறிகுறி.

காலை மெல்ல எடுங்கள். சடாரென்று எடுத்தால் என்ஜின் பின்சில்லை இழுத்துப் பிடிக்கும். அது கைப்பிரேக் போட்டது போல்தான். கியரையும் குறைக்காதீர்கள். கையால் கியர் மாற்றுகிற வண்டியில் பின்பக்கம் அசையத் தொடங்கிவிட்டதென்றால் கிளச்சை மிதித்துவிடுங்கள், சில்லு தன்பாட்டில் உருளட்டும்.

"ஃபோர் வீலைப் போட்டால் சரிவரும்" என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். சேற்றிலும் மணலிலும் அது சரி. காபட் வீதியில், தேங்கிய தண்ணீரில், நாலு சில்லும் மிதந்தால் நாலு சில்லுக்கும் பிடி இல்லை. அதோடு, தேவைக்கு மட்டும் போடுகிற வகை ஃபோர் வீலில் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டப்படுவதால் வளைவில் டயர்கள் ஒன்றையொன்று இழுத்து வழுக்கலைக் கூட்டும். அது புறப்பட உதவும். நிற்கவோ திரும்பவோ உதவாது.

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது

வீதியின் நடு உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும், தண்ணீர் ஓரத்தில் நிற்கும். நாங்கள் இடப்பக்கம் ஓடுவதால் இடப்பக்கச் சில்லுகள் குளத்திலும் வலப்பக்கச் சில்லுகள் ஈரத் தாரிலும் போகின்றன. இடப்பக்கத்தைத் தண்ணீர் பிடித்து இழுக்கும். இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்து நேரே ஓட்டுங்கள். எதிர்ப்பக்கம் வெட்டி இழுக்காதீர்கள். குளத்தை விட்டு வெளியே வந்த கணத்தில் பிடி திரும்பும், நீங்கள் வெட்டிய பக்கம் வண்டி பாயும்.

எதிரே வாகனம் இல்லாத இடத்தில் கோட்டைத் தாண்டாமல் நடுவுக்குக் கிட்டவாகப் போவது நல்லது. மாரியில் ஈரம் படாத இடம் தேடி மாடுகள் இரவில் வீதி நடுவில் படுத்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. கறுத்த மாடு, கறுத்த தார், மழை. வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகம் எந்த டயருக்கும் கூடுதலான வேகம்தான்.

பாரலொறிகள் ஓடுகிற வீதியில் சில்லுத் தடம் பள்ளமாகி அதிலும் தண்ணீர் நிற்கும். அங்கே ஒரு அடி தள்ளி, தடத்துக்கு வெளியே ஓட்டிப் பாருங்கள்.

பின்பக்கம் வீசுகிறது

எனக்கு நடந்தது இதுதான். ஒரு மார்கழி மாலை வெறும் மீன் பெட்டிகளோடு திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சித்தியின் மகன். சாம்பல்தீவு தாண்டி நிலாவெளிப் பக்கம் நேராக ஓடும் இடம். முன்னால் போன முச்சக்கரவண்டி திடீரென்று வேகத்தைக் குறைக்க, நான் காலைச் சட்டென்று எடுத்தேன். பிரேக்கைத் தொடக்கூட இல்லை. கெப்பின் பின்பக்கம் இடது பக்கமாகச் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வந்தது. "அண்ணா, வண்டி எங்க போகுது?" என்று அவன் கேட்டு முடிக்க முதல் நாங்கள் மணல் ஓரத்தில், வந்த பக்கத்தைப் பார்த்து நின்றோம். எதிரே பஸ் ஒன்று வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அவனுக்கு அப்போது பதினேழு வயது. அவனுடைய அம்மாவுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்ற நினைப்பு இன்றைக்கும் மழை நாளில் வருகிறது.

அதற்கு இரண்டு நாள் முந்தித்தான் இரண்டு புது டயர் வாங்கியிருந்தேன். "ஸ்டியரிங் முன்னாலதானே, புதுசு முன்னுக்குத்தான் போட வேணும்" என்றார்கள் கடையில். நானும் சரி என்றேன். தேய்ந்த சோடி பின்னால் போனது. இது பரவலாக எல்லோரும் நம்புகிற பிழை. முன்சில்லு வழுக்கினால் வண்டி நேரே போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும். பின்சில்லு வழுக்கினால் வண்டி சுற்றும், அதைத் திருத்த ஒரு செக்கன்கூடக் கிடைக்காது. இரண்டு டயர்தான் வாங்க வசதி என்றால் புதுச் சோடி பின்னுக்கு. கடைக்காரர் மறுத்தாலும் நின்று சொல்லிப் போடுவியுங்கள்.

வீசத் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டியது: போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், மோதப் போகிற மரத்தை அல்ல. கை கண்ணுக்குப் பின்னால் போகும். பின்பக்கம் இடப்புறம் போனால் ஸ்டியரிங்கை இடப்புறம், வலப்புறம் போனால் வலப்புறம். மெல்ல, கொஞ்சமாக. வண்டி நேராகத் தொடங்கும்போதே, நேராகி முடிய முதலே, ஸ்டியரிங்கையும் நேராக்குங்கள். அதைச் செய்யப் பிந்தினால் இரண்டாவது வீச்சு எதிர்ப்பக்கம் வரும். வண்டியைப் புரட்டுவது பெரும்பாலும் அதுதான். வழுக்கலைத் தானாகத் திருத்துகிற கருவி உள்ள புது வண்டியிலும் இதையே செய்யுங்கள். அந்தக் கருவி சில்லுக்குச் சில்லு பிரேக் பிடித்து உதவும், ஆனால் இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது.

ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் நேரே போகிறது

வளைவில் முன்சில்லு மிதக்கிறது. இன்னும் இன்னும் திருப்பத் தோன்றும், திருப்பாதீர்கள். காலை மெல்ல எடுத்து, திருப்பியதில் கொஞ்சத்தைக் குறையுங்கள். பிடி திரும்பும்போது சில்லு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி குதிக்கும்.

பிரேக் பெடல் காலில் துடிக்கிறது

ஏ.பி.எஸ்., அதாவது சில்லு பூட்டாமல் தடுக்கும் கருவி, வேலை செய்கிறது. பயந்து காலை எடுக்காதீர்கள், அழுத்தியபடியே இருந்து போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். ஏ.பி.எஸ். இல்லாத பழைய கெப்பில் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் பிடிக்க வேண்டும்.

தண்ணீர் நின்ற இடத்தைக் கடந்த பிறகு பிரேக் பிடிக்கவே இல்லை என்றால் அது வேறு பிழை. பிரேக் நனைந்திருக்கிறது. பின்னால் யாரும் இல்லாத இடத்தில், மெதுவாக ஓடிக்கொண்டே, பெடலை இலேசாகச் சிறிது தூரம் அழுத்திப் பிடித்தால் சூட்டில் காய்ந்துவிடும்.

எல்லோரும் போகிற வேகத்தில் என் வண்டி மட்டும் வழுக்குகிறது

பிழை டயரில் இருக்கிறது. மழை நிற்கும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே பாருங்கள்.

முதலில் பள்ளத்தின் ஆழம். தீக்குச்சியைப் பள்ளத்தில் நிறுத்தி, மேல்மட்டத்தில் நகத்தால் அடையாளம் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தால் (அளவுகோலால்) அளந்து பாருங்கள். டயரின் உட்பக்கம், நடு, வெளிப்பக்கம் மூன்றிலும் அளக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் குறுக்காகச் சின்ன மேடுகள் இருக்கும்; டயர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்தால் 1.6 மில்லிமீற்றர்தான் மிச்சம், டயர் முடிந்தது. ஆனால் எங்கள் மாரிக்கு அதுவரை இழுக்கக்கூடாது என்பது என் முடிவு. 3 மில்லிமீற்றருக்கு இறங்கியதும் ஒக்டோபருக்கு முன் மாற்றிவிடுகிறேன். காசு கஷ்டம் தெரியும். வண்டி விற்கிற விலையோடும், ஆசுபத்திரிச் செலவோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது காற்று. ஹோர்னின் கணக்கு எளிதானது: பி.எஸ்.ஐ. அளவின் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால், மொட்டை டயர் ஆழத் தண்ணீரில் மிதக்கும் வேகம் கிலோமீற்றரில் வரும். 36 இருந்தால் 100. 25க்கு இறங்கினால் 83. 20 என்றால் 75. காற்றுக் குறைந்த டயரின் நடுப்பகுதி உள்ளே குழிந்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதும் சேரும். இந்த எண்களைப் பார்த்து "அப்போ தொண்ணூறில் போகலாம்" என்று எடுத்துவிடாதீர்கள். அவை விமான டயருக்கு வந்த கணக்கு. எங்கள் டயர் அதற்கு வெகு முன்பே, அறுபதுக்குக் கிட்டவே, பிடியை இழக்கத் தொடங்கலாம்.

"அப்படியென்றால் காற்றைக் கூட்டி அடித்தால் நல்லதுதானே?" இங்கேதான் வெறுங்கெப்பின் சிக்கல் இருக்கிறது. பாரம் ஏற்றும்போது பின் டயருக்குக் கூட்டி அடிக்கிறோம். லோட் இறங்கிய பிறகும் அதே காற்றோடு ஓடுகிறோம். பாரம் இல்லாத டயர் தரையில் பதியும் இடம் நீளத்தில் குறுகிவிடும், அகலம் அவ்வளவு குறையாது. நீளம் குறைந்த பதிவுக்குத் தண்ணீரை வெட்டி விலக்க நேரம் போதாது. வெறும் பாரவண்டிகள் தங்கள் டயர்க் காற்றுக்குப் பொருந்தாத குறைந்த வேகத்திலேயே மிதப்பதற்கு இதுதான் காரணம். ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பல கெப்புகளில் வெறும் வண்டிக்கு ஒரு அளவும் முழுப் பாரத்துக்கு ஒரு அளவும் தந்திருப்பார்கள். டயர் ஆறியிருக்கும் காலையில் அளந்து பாருங்கள். ஒவ்வொரு லோட்டுக்கும் மாற்ற முடியாது என்றால், திரும்பும் பயணத்தில் வேகத்தையாவது லோட் வேகத்துக்கே வையுங்கள்.

பிறகு அகலம். அழகுக்காகப் போடுகிற அகன்ற டயர் அதே பாரத்தைக் கூடுதல் அகலத்தில் பரப்புகிறது, விலக்க வேண்டிய தண்ணீரும் கூடுகிறது. சேற்று டயரின் பெரிய கட்டைகளும் ஈரத் தாரில் பிடிப்பது குறைவு. வயல் வேலைக்கு அது தேவைப்படுகிறவர்கள், தம்பலகாமத்திலும் சேருவிலவிலும் நிறையப் பேர், தார் வீதிக்கு ஏறியதும் அதை மனதில் வைக்க வேண்டும்.

கடைசியாக வயது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பள்ளம் நிறைய இருந்தும் றப்பர் இறுகி வெடிப்பு விழுந்திருந்தால் அது மழைக்கு உதவாது. கடல் வெயிலில் மாதக்கணக்கில் நிற்கிற வண்டிகளில் இதைக் கண்டிருக்கிறேன்.

தண்ணீரே நிற்கவில்லை, தூறல்தான், ஆனாலும் வழுக்குகிறது

கச்சான் காலம் முழுக்க வீதியில் படிந்த எண்ணெய், றப்பர்த் தூள், புழுதி முதல் மழையில் சவர்க்காரம் போல் ஆகும். இது மிதப்பு இல்லை, ஆனால் ஆபத்து குறைந்ததும் இல்லை. நன்றாகப் பெய்து கழுவும் வரை சந்திகளிலும் பஸ் நிறுத்தங்களிலும் கவனம். நிலாவெளி வீதியில் காற்று கொண்டுவந்து போடும் மணலும் அப்படித்தான்.

வீதிக்குக் குறுக்கே தண்ணீர் ஓடுகிறது

இதற்கு ஓட்டுகிற முறை எதுவும் இல்லை, நிறுத்துகிற முறைதான். மகாவலி பெருகினால் வெருகல், மூதூர்ப் பக்கம் வீதியில் வெள்ளம் ஏறும். 30 சென்ரிமீற்றர் ஓடும் தண்ணீர் சிறிய காரை அசைத்துவிடும். 60 சென்ரிமீற்றர் கெப்பையும் கொண்டுபோகும். கெப் உயரம் என்ற நம்பிக்கைதான் இங்கே ஆளைக் கொல்கிறது. அடியில் தார் இருக்கிறதா அரித்துப் போயிற்றா என்பதும் மேலிருந்து தெரியாது. திரும்பிப் போங்கள், அல்லது மேட்டில் நின்று காத்திருங்கள்.

வெறுங்கெப் மாரி முழுக்கப் பின்னால் துள்ளுகிறது

பாரத்துக்காகச் செய்த பின் வில்லுக்கு (ஸ்பிரிங்குக்கு) வெறும் தொட்டி போதாது, அதனால் சிறு மேட்டிலும் சில்லு தரையை விடும். இரண்டு மூன்று மணல் மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலே, சற்று முன் தள்ளி வைத்துப் பாருங்கள். மழைக் காலத்தில் நான் அப்படித்தான் ஓடுகிறேன். வண்டியின் பின் விளிம்பில் வைக்கக்கூடாது, முன்பக்கம் இலேசாகிவிடும். மூட்டையைக் கட்டாமல் வைப்பதும் கூடாது. பிரேக் பிடித்தால் அது பின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். நைலோன் கயிற்றால் தொட்டிக் கொளுக்கியில் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி, ஒரு நாள் ஓடிய பிறகு முடிச்சு தளர்ந்ததா என்று மறுபடி பாருங்கள். நனைந்த கயிறு முதல் நாளில் கட்டாயம் இளகும்.